குன்னூர் எலிகளும் ஜெர்மனி விண்ணப்பமும்

அன்புள்ள அக்கா,

கோத்தகிரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். இரண்டு ஏக்கர் தேயிலைதான் வருமானம். கோவையில் ஊட்டச்சத்து பி.எஸ்சி. முடித்துவிட்டு ஜெர்மனியில் எம்.எஸ்சி. படிக்க விண்ணப்பிக்கிறேன். ஏன் இந்தப் படிப்பு என்று விளக்க வேண்டிய எஸ்.ஓ.பி. ஒரு மாதமாக முதல் வரியிலேயே நிற்கிறது. ‘உணவு உடல்நலத்தை எப்படிப் பாதிக்கிறது என்று அறிய விரும்புகிறேன்’ என்று எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. ராத்திரி கண் விழிப்பதால் காலையில் டீயும் வர்க்கியும்தான். மதியம் சோறு, கையோடு டீ, சாயங்காலம் மறுபடி டீ. போன வாரம் தலை சுற்றி விழுந்துவிட்டேன். ஹீமோகுளோபின் 9 என்று வந்தது. ‘இங்கேயே இப்படி, அங்கே போய் என்ன ஆவியோ’ என்று அம்மா அழுகிறார். நான் போகலாமா? அந்தக் கட்டுரையை எப்படி எழுதுவது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

போகலாம். ஆனால் முதலில் டாக்டரிடம் போங்கள். 9 என்பது சும்மா விடுகிற எண் இல்லை. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. மலையில் வாழ்கிறவர்களுக்கு அந்த அளவுகோல் இன்னும் கொஞ்சம் உயரும். மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போகிறதா, வயிற்றில் பூச்சியா, பி12 குறைவா என்று காரணத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை கொடுத்தால் டீயோடு விழுங்காதீர்கள். தேயிலையில் உள்ள பாலிஃபினால் என்ற பொருள் கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. இது உங்கள் பாடத்திலேயே இருந்திருக்கும். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரமாவது டீ வேண்டாம். சோற்றோடு ஒரு நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ இருந்தால் அதே இரும்பு நன்றாகச் சேரும்.

சரி, எஸ்.ஓ.பி.க்கு வருவோம். உங்கள் முதல் வரியில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அதை எந்த ஊரிலிருந்தும் யாரும் எழுதலாம். நீங்கள் நீலகிரியிலிருந்து எழுதுகிறீர்கள். குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்தில் பாஸ்டர் நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். நமக்கு அது நாய்க்கடி மருந்து தயாரித்த இடம். 1918இல் ராபர்ட் மெக்கரிசன் என்ற டாக்டர் அங்கே ஒரே ஓர் அறையில், வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அந்த ஓர் அறை வளர்ந்து 1928இல் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமானது. 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. கல்லூரியில் நீங்கள் புரட்டிய உணவுச் சத்து அட்டவணை இருக்கிறதே, அதன் முதல் பதிப்பு 1937இல் வந்தபோது ஆய்வுக்கூடம் குன்னூரில்தான் இருந்தது. இந்தியாவில் இந்தத் துறை வேர்விட்ட இடத்திலிருந்து ஒரு பஸ் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, எழுத ஒன்றுமில்லை என்று நினைக்கிறீர்கள்.

மெக்கரிசன் இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடுவதைப் போலவே எலிகளுக்கு வைத்துப் பார்த்தார். முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், முளைகட்டிய கடலை, பச்சைக் காய்கறி, எப்போதாவது கறி என்ற சீக்கியர் சாப்பாட்டில் எலிகள் செழித்தன. தீட்டிய அரிசியை நம்பிய நம் மதராஸ் சாப்பாடு வரிசையின் கடைசியில் நின்றது. அப்புறம் இங்கிலாந்து ஏழைகளின் சாப்பாட்டை வேறொரு கூட்டத்துக்குக் கொடுத்தார்: வெள்ளை ரொட்டி, மார்கரின் என்ற செயற்கை வெண்ணெய், சர்க்கரை தூக்கலான டீ, வேகவைத்த முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும், டின் இறைச்சி, மலிவு ஜாம். அந்த எலிகள் சரியாக வளரவில்லை. ரோமம் மங்கியது. பராமரித்தவர்களைக் கடிக்கப் பாய்ந்தன. 60வது நாளுக்குள் நோஞ்சான்களைக் கொன்று தின்ன ஆரம்பித்தன.

எலிக்கு நடந்தது நமக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பட்டியலைப் படித்தபோது என் அண்ணன் மகனின் அறைதான் கண்முன் வந்தது. ஜெர்மனியில் அவனுக்கு முதல் குளிர்காலம். வீடியோ காலில் அவன் பேசும்போது பின்னால் ஜன்னல் திண்டில் ஒரு ரொட்டிப் பாக்கெட் இருக்கும், மூடாத ஜாம் பாட்டில் இருக்கும், அதற்குள் ஒரு கத்தி நின்றுகொண்டிருக்கும். “சாப்பிட்டியாடா?” என்றால் “ஆச்சு அத்தை” என்பான். மூன்று மாதம் அதே திண்டு, அதே பாட்டில், அதே கத்தி. வாய்ப்புண்ணும் சோர்வும் தாங்காமல் பரிசோதித்தபோது பி12, வைட்டமின் டி இரண்டுமே அடிமட்டத்தில் இருந்தன. அவன் சைவம், பாலும் தொடமாட்டான். போதாததற்கு, அங்கே அக்டோபரிலிருந்து மார்ச் வரை அடிக்கிற வெயிலில் தோல் வைட்டமின் டி தயாரிக்க முடியாது.

பணமும் இதில் சேரும். 2024 செப்டம்பரிலிருந்து விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்டில், அதாவது முன்கூட்டியே பணம் போட்டு மாதாமாதம் மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில், வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். அதிலிருந்து மாதம் 992தான் கைக்கு வரும். வாடகை, காப்பீடு போக, பிள்ளைகள் முதலில் கை வைப்பது சாப்பாட்டில். பல்கலைக்கழகங்களில் மென்ஸா என்ற மாணவர் உணவகம் உண்டு, விலையும் குறைவு. ஒரு வேளையாவது அங்கே சூடாகச் சாப்பிடுங்கள். குக்கரில் பருப்பும் காயும் வைக்க இப்போதே அம்மாவிடம் பழகுங்கள். நம் படிப்புச் சான்றுகளை ஜெர்மனி தரப்பில் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லையென்றால் இன்றைக்கே செய்யுங்கள். பல படிப்புகளுக்கு ஜூலை 15 கடைசி நாள், சிலவற்றுக்கு அதற்கும் முன்னால்.

கட்டுரைக்கு உங்கள் பாட்டியிடம் போய் உட்காருங்கள். தேயிலை வைப்பதற்கு முன் அந்த இரண்டு ஏக்கரில் என்ன விளைந்தது? சாமையா, கேழ்வரகா? அது தட்டிலிருந்து போய் ரேஷன் அரிசி எப்போது வந்தது? பச்சைத் தேயிலை விலை விழுகிற மாதத்தில் உங்கள் வீட்டில் முதலில் நிற்பது பாலா, முட்டையா? ஊரில் கொழுந்து பறிக்கும் பெண்களில் எத்தனை பேர் உங்களைப் போலச் சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிறார்கள்? இதையெல்லாம் உங்கள் ஊர் வார்த்தையில் முதலில் தமிழிலேயே எழுதுங்கள், பிறகு ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளலாம். நீங்கள் அங்கே போய் எதைப் படிக்க வேண்டும் என்பது அதற்குள்ளிருந்தே வரும்.

அம்மாவின் பயம் நியாயமானது. அவர் பக்கத்தில் இருந்து சமைத்துப் போட்டும் நீங்கள் விழுந்திருக்கிறீர்கள். விண்ணப்பம் முடியும்வரை மூன்று வேளையும் அவர் கண்முன் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

முதல் பத்தியை மாற்றி எழுதியதும் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். அடுத்த ரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது என்பதையும் அதோடு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா