மட்டியை வேகவைத்தால் ஈயம் போகுமா?

கேள்வி (எண்ணூர் வாசகி): கழிமுகத்தில் எடுக்கிற மட்டியை ராத்திரி முழுக்க உப்புத் தண்ணீரில் போட்டுவைத்து, காலையில் நன்றாக வேகவைத்தால் கெட்டதெல்லாம் போய்விடும் என்கிறார் என் மாமியார். சரிதானா?

பதில்: பாதி சரி. வயிற்றுக்குள் இருக்கும் மணலை மட்டி கக்கிவிடும், கிருமிகளும் கொதியில் செத்துப்போகும். ஆனால் காட்மியம், ஈயம், பாதரசம் எல்லாம் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது. அவை சதையில் இருக்கிற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. அப்படியே கொஞ்சம் குழம்பில் இறங்கினாலும் அந்தக் குழம்பையும் நாம்தானே ஊற்றிச் சாப்பிடுகிறோம்! சுத்தமான கடல்நீரில் விட்டாலும் காட்மியம் வெளியேற வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆகும். ஒரு ராத்திரி எந்த மூலைக்கு?

மட்டியும் சிப்பியும் தண்ணீரை உறிஞ்சி, அதில் மிதப்பதை வடிகட்டித் தின்பவை. வளர்ந்த சிப்பி ஒரு மணி நேரத்தில் லிட்டர் கணக்கில் வடிகட்டும். உங்கள் பக்கம் பல வருடங்களாக அனல் மின் நிலையச் சாம்பல் குழாய் உடைந்து ஆற்றில் கலந்து, அடியில் சேறோடு சேறாகப் படிந்திருக்கிறது, அந்தச் சாம்பலில் ஆர்சனிக், ஈயம், குரோமியம் எல்லாம் உண்டு. அதனால் கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அங்கே எடுத்த மட்டியைக் கொடுக்காதீர்கள். நண்டு என்றால் ஓட்டுக்குள் இருக்கும் பழுப்பான கொழகொழப்பை எடுத்துவிடுங்கள், காட்மியம் அதிகம் தங்குவது அங்கேதான். இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது, அதே கழிமுகத்துச் சேற்றில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கிற பெண்கள் இருக்கிறார்கள். சாம்பலைக் கொட்டியது அவர்கள் இல்லை.

கேள்வி (தூத்துக்குடி வாசகர்): எல்லாரும் சாப்பிடுகிறவர்களைப் பற்றியே பேசுகிறார்கள். சிப்பிக்கு ஒன்றும் ஆகாதா?

பதில்: நல்லா ஆகும், அதுவும் முதலில் குஞ்சுகளுக்கு. லிட்டருக்கு 5, 6 மைக்ரோகிராம் செம்பு இருந்தாலே சிப்பிக் கருக்களில் பாதி ஒழுங்கான ஓடு வைக்காமல் போய்விடுவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். வளர்ந்த சிப்பி செம்பு அதிகமானதும் ஓட்டை இறுக மூடிக்கொள்ளும். மூடிய ஓட்டுக்குள் எவ்வளவு நேரம் பட்டினி கிடக்க முடியும்? உலோகத்தைக் கட்டிப்போட உடம்பு தனியாக ஒரு புரதத்தையே தயாரிக்கிறது, அதற்குச் செலவாகிற சத்து வளர்ச்சியிலும் முட்டையிலும்தான் குறையும்.

பிரான்சின் ஆர்காஷோன் விரிகுடாவில் நடந்ததைச் சொல்கிறேன். படகின் அடியில் பாசியும் கொட்டலசும் ஒட்டாமலிருக்க வெள்ளீயம் கலந்த ட்ரைபியூட்டைல்டின் பெயின்டை அடித்தார்கள். 1970களின் கடைசியில் அங்கே சிப்பிக் குஞ்சுகள் ஓரிடத்தில் ஒட்டி வளர்வதே நின்றுபோனது. வளர்ந்த சிப்பிகளின் ஓடு அடுக்கடுக்காகப் பிளந்து, இடையில் ஜெல்லி மாதிரி நிரம்பி, பந்து போலத் தடித்தது. உள்ளே சதை இத்தனூண்டு. யார் வாங்குவார்கள்? 1982 ஜனவரியில் 25 மீட்டருக்குக் குறைவான படகுகளுக்கு அந்த பெயின்டைத் தடை செய்தார்கள், அந்தக் கோடையிலேயே குஞ்சுகள் மறுபடி ஒட்ட ஆரம்பித்தன. இங்கிலாந்துக் கரையிலோ அதே ட்ரைபியூட்டைல்டின் லிட்டருக்கு ஒரு நானோகிராம் இருந்ததிலேயே பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்தது, அளவு கூடக்கூட முட்டையிட வழியில்லாமல் சில இடங்களில் இனமே காணாமல் போனது. உலகளவில் கப்பல்களுக்குத் தடை அமலுக்கு வந்தது 2008இல்தான். எனக்கு அந்தத் தாமதம் மன்னிக்க முடியாததாகவே படுகிறது.

கேள்வி (நாகர்கோவில் வாசகி): நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமா?

பதில்: செம்பு என்றால் சில சமயம் முடியும். 1986இல் தைவானின் எர்ரென் ஆற்று முகத்துவாரம் அருகே வளர்த்த சிப்பிகளின் சதை பச்சையாக மாறியது. பழைய உலோகச் சாமான்களை அமிலத்தில் கழுவிச் செம்பு பிரித்த கழிவு ஆற்றில் போனதுதான் காரணம். ஆனால் பிரான்சின் மரேன் சிப்பியும் பச்சைதான், அது ஒருவகைப் பாசியைத் தின்பதால் வருகிற நிறம், அதற்குத் தனி விலையே உண்டு. ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சதையை ஆய்வகத்தில் சோதித்தால்தான் தெரியும். ஐரோப்பிய ஒன்றியம் சிப்பி வகைகளுக்கு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்குக் காட்மியம் 1 மில்லிகிராம், ஈயம் 1.5 மில்லிகிராம்.