ஹார்ட்கோர் விழாவில் என்ன வேலை? – கடிதம்

வணக்கம்.

ஹார்ட்கோர் பங்க் இசைவிழா ஒன்றில் தன்னார்வலராக வேலை பார்த்தது பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். இந்த இசையை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. நீங்கள் குறிப்பிட்டிருந்த குழுக்களைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். உண்மையைச் சொல்கிறேன், ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. ஒருவர் ஒன்றரை நிமிடம் தொண்டை கிழியக் கத்துகிறார், பாட்டு முடிந்துவிடுகிறது. காணொளிகளில் மேடைக்கு முன்னால் ஆட்கள் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளுகிறார்கள், மேடையிலிருந்து கூட்டத்தின் தலைமேல் குதிக்கிறார்கள்.

எனக்கு இரண்டு கேள்விகள். பங்க் என்றால் விதிகளே வேண்டாம் என்று சொல்கிற இசை என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். உங்கள் கட்டுரையிலோ பத்திக்குப் பத்தி விதி. இத்தனை நிமிடத்தில் மேடையை விட்டு இறங்க வேண்டும், வாசலில் இப்படி நிற்க வேண்டும், இதைச் செய்தால் வெளியே அனுப்பிவிடுவோம் என்று. இது முரண்பாடாக உங்களுக்குத் தோன்றவில்லையா? இரண்டாவது, வேலை இருந்ததால் பாதிக் குழுக்களைக் கேட்கவே முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் எதற்குப் போகிறீர்கள்?

கேட்பதற்குக் காரணம் உண்டு. கல்லூரியில் படிக்கும் என் மகளை இப்படியொரு விழாவுக்கு உதவிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் என்னிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொன்னாள்.

ச.

*

அன்புள்ள ச.,

பாட்டு பிடிக்காமல் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. இந்த இசையைப் பதிவில் மட்டும் கேட்டு மயங்கியவர்கள் இருக்கலாம், நான் அப்படி இல்லை. நேரில், குறைந்த உயரமுள்ள ஒரு மேடைக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்கு அது இசையாகவே கேட்டது.

விதிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பங்க் எதிர்த்தது மேலேயிருந்து வரும் விதிகளை. தங்களுக்கான விதிகளை இந்த ஆட்கள் எழுதித் தள்ளியிருக்கிறார்கள், சில சமயம் அளவுக்கு மீறியும். காரணம் எளிது. இதை நடத்த வேறு யாரும் வரவில்லை. 1980இல் வாஷிங்டன் நகரத்தில் டீன் ஐடில்ஸ் என்று ஒரு குழு, பள்ளி வயதுப் பையன்கள். குழு கலைகிற நேரத்தில் கச்சேரிகளில் சேர்ந்த பணம் சில நூறு டாலர் கையில் இருந்தது. அதைப் பங்கு போட்டுக்கொள்ளாமல் எட்டுப் பாட்டு கொண்ட ஒரு சின்ன இசைத்தட்டு போட்டார்கள். அதற்காகத் தொடங்கியதுதான் டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம், இன்றும் நடக்கிறது. தட்டின் உறைகளைக்கூடத் தாங்களே வெட்டி, மடித்து, பசை போட்டு ஒட்டினார்கள். உறை ஒட்டுகிறவனும் பாடுகிறவனும் ஒரே ஆளாக இருக்கும் இடத்தில், எப்படி ஒட்ட வேண்டும் என்ற விதியை அவன்தான் சொல்ல வேண்டும்.

இந்த இசைக்கூட்டத்தில் சிலர் கைகளில் போடும் கறுப்பு எக்ஸ் குறியின் கதையும் அதே குழுவோடு சேர்ந்தது. சான் பிரான்சிஸ்கோவின் மபூஹே கார்டன்ஸ் அரங்கில் மது விற்பார்கள். அங்கே போன வயது குறைந்த இவர்களை உள்ளே விட்டார்கள், ஆனால் மது கொடுக்கக் கூடாது என்பதற்கு அடையாளமாகக் கையில் பெரிதாக ஒரு எக்ஸ் போட்டார்கள். ஊர் திரும்பிய பையன்கள், எங்கள் ஊரிலும் இப்படிச் செய்து எங்களை உள்ளே விடுங்கள் என்று கேட்டார்கள். வாசல்காரரின் வசதிக்கு வந்த குறி அது. பிறகு அதே ஆட்களில் சிலர் தொடங்கிய மைனர் த்ரெட் குழு 1981இல் ஸ்ட்ரெயிட் எட்ஜ் என்ற பாட்டைப் போட்டது. முக்கால் நிமிடப் பாட்டு. மதுவும் போதையும் எனக்கு வேண்டாம் என்பது சாரம். அதற்கப்புறம் அந்தக் குறியைத் தாங்களாகவே விரும்பிப் போட்டுக்கொள்ளும் ஒரு தலைமுறை வந்தது. எனக்குப் பிடித்தது அந்த முதல் கோரிக்கைதான். உள்ளே வருவதற்காகத் தங்கள்மேல் ஒரு விதியைத் தாங்களே கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

கசப்பான அனுபவத்திலிருந்து வந்த விதிகளும் உண்டு. நியூயார்க்கின் சிபிஜிபி அரங்கில் ஞாயிறு பிற்பகல்களில் ஹார்ட்கோர் நிகழ்ச்சிகள் நடந்தன. 1980களின் கடைசியில் அடிதடி அதிகமாகி அவை நின்றுபோயின. 1990இல் அதே ஊரில் ஏபிசி நோ ரியோ என்ற இடத்தில் வேறு சிலர் சனிக்கிழமை நிகழ்ச்சிகளைத் தொடங்கினார்கள். இனவெறி, பெண்வெறுப்பு, தற்பால் ஈர்ப்பாளர்மீதான வெறுப்பு இவற்றைப் பாடும் குழுக்களுக்கு இங்கே இடமில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1986இன் கடைசி நாளில் திறந்த 924 கில்மன் ஸ்ட்ரீட் அரங்கும் இதே வகை. மது கிடையாது, அடிதடி கிடையாது, உறுப்பினர்கள் கூட்டம் போட்டு முடிவெடுப்பார்கள். பெரிய இசை நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்ட குழுக்களுக்கும் மேடை இல்லை என்று அங்கே விதி வைத்திருந்தார்கள். கிரீன் டே அங்கே வாசித்து வளர்ந்த குழுதான். ஒப்பந்தம் போட்டதும் அவர்களுக்கும் கதவு சாத்தப்பட்டது. அது கொஞ்சம் அதிகம் என்று எனக்குத் தோன்றும். ஆனால் அந்த விதியின் விலையை அரங்கை நடத்தியவர்களேதான் கொடுத்தார்கள், புகழ்பெற்ற குழுவின் நுழைவுச்சீட்டுப் பணத்தை விட்டுவிட்டு.

சரி, உங்களை அலுப்படைய வைத்த அந்த நிமிடக் கணக்குக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் ஒரு ஹார்ட்கோர் விழாவின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஒரு குழு இருபது நிமிடம் வாசிக்கிறது. அடுத்த குழு ஏறித் தயாராகப் பதினைந்து நிமிடம். ஆக, ஒரு குழுவுக்கு முப்பத்தைந்து நிமிடம். பன்னிரண்டு குழுக்கள் என்றால் ஏழு மணி நேரம். ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் இழுத்தால் போதும், இரவு ஒரு மணி நேரம் பிந்திவிடும். அரங்கத்தில் சத்தம் நிற்க வேண்டிய நேரம் மாறாது. அப்போது கடைசிக் குழுவின் நேரத்தில்தான் கை வைக்க வேண்டியிருக்கும். கூட்டத்தில் பாதிப்பேர் வந்ததே அவர்களுக்காக.

அதனால்தான் டிரம்ஸ் ஒன்றையே எல்லோரும் பகிர்ந்துகொள்கிறார்கள். டிரம்மர் கொண்டுவருவது ஸ்னேர் என்கிற சின்ன முரசு, சிம்பல்கள் என்கிற உலோகத் தட்டுகள், காலால் மிதிக்கும் பெடல், அவ்வளவுதான். கிட்டார்காரர்கள் ஒலியைப் பெருக்கும் ஆம்பின் தலைப்பகுதியை மட்டும் தூக்கி வருவார்கள், ஸ்பீக்கர் பெட்டிகள் பொது. இப்போதைய குழு வாசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த டிரம்மர் மேடையோரத்தில் தன் சிம்பல்களை எடுத்துத் தயாராக வைத்துவிட வேண்டும். விரிவான ஒலிச் சோதனைக்கு நேரம் கிடையாது. ஒவ்வொரு கருவியிலும் மைக்கிலும் சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டியதுதான். இதையெல்லாம் விரட்டிச் செய்ய வைப்பது மேடை மேலாளர். நான் பார்த்தவரை விழாவிலேயே கறாரான ஆள் அவர்தான். "கடைசிப் பாட்டு" என்று அவர் விரல் காட்டினால், ஆட்சியையே கவிழ்ப்போம் என்று பாடிக்கொண்டிருக்கும் பாடகரும் தலையாட்டுவார்.

இன்னொரு வேலை மேடையின் ஓரத்தில் குந்தியிருப்பது. இதைப் பற்றிக் கட்டுரையில் நான் போதிய அளவு எழுதவில்லை. பாடகர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுவார், முப்பது பேர் அதன்மேல் பாய்வார்கள், கேபிள் பிடுங்கிக்கொள்ளும். அதைச் சொருக வேண்டும். குதிக்க ஏறுகிறவர், கிட்டார் ஒலியை மாற்றத் தரையில் வைத்திருக்கும் பெடல்களை மிதிக்காமல் கையால் வழிமறிக்க வேண்டும். அவர் குதிக்கும்போது கீழே ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்றும் ஒரு கண் வேண்டும். மைக்கின் வலைமுகப்பு பல்லில் இடித்து நசுங்கும், மாற்று மைக் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பெரும்பாலும் அது ஷூர் எஸ்எம்58. 1966இல் வந்த மாடல், எத்தனை பேர் கையிலிருந்து விழுந்தாலும் மறுபடி வேலை செய்கிறது.

இப்போது உங்கள் பயத்துக்கு வருவோம், அந்த இடித்துத் தள்ளுவதற்கு. மேடைக்கு முன்னால் அப்படி இடித்துக்கொண்டு ஆடும் இடத்துக்கு மாஷ் பிட் என்று பெயர், அதைப் பற்றி இயற்பியல்காரர்கள் ஆய்வே செய்திருக்கிறார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தினர் ஹெவி மெட்டல் நிகழ்ச்சிகளின் காணொளிகளை அளந்து 2013இல் ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் எழுதினார்கள். பிட்டில் ஆட்களின் வேகங்கள் ஒரு வாயுவின் மூலக்கூறுகளைப் போலப் பரவியிருக்கின்றனவாம். வட்டமாக ஓடும்போது பெரும்பாலும் இடஞ்சுழியாகவே ஓடுகிறார்களாம். அழகான ஆய்வுதான். ஆனால் மூலக்கூறுகள் தடுக்கி விழுவதில்லை, விழுந்ததைத் தூக்க மற்றவை நிற்பதும் இல்லை. பிட்டில் ஒருவர் விழுந்தால் சுற்றியுள்ளவர்கள் கைகளை விரித்து இடம் ஒதுக்கி, அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்துகிறார்கள். மூக்குக்கண்ணாடி விழுந்தால் ஒருவர் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார், உரியவர் வந்து வாங்கிக்கொள்ளும்வரை. இது தானாக வருகிற குணம் என்று நம்பும் நண்பர்கள் எனக்கு உண்டு. நான் நம்புவதில்லை. சொல்லிச் சொல்லி வந்தது. ஃபுகாசி குழு நிகழ்ச்சிகளில் யாராவது பிறரை அடித்தால் பாட்டையே நிறுத்துவார்கள். குழுவின் பாடகர் இயன் மக்காய் அந்த ஆளிடம் மரியாதையாகப் பேசுவார், கேட்காவிட்டால் நுழைவுப் பணம் ஐந்து டாலரைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். 1990களின் தொடக்கத்தில் பிகினி கில் குழுவின் பாடகி கேத்லீன் ஹன்னா பெண்களை முன்னால் வரச் சொல்லி, ஆண்களைப் பின்னால் போகச் சொன்னார். அதுவரை மேடைக்கு முன்னால் இருந்த இடம் யாருடையதாக இருந்தது என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று நான் உறுதி தர மாட்டேன். பிட்டின் ஓரத்தில் சும்மா நிற்கிறவர்கள்மேல் வேண்டுமென்றே கையையும் காலையும் வீசுகிற ஒரு வழக்கம் சில கூட்டங்களில் உண்டு. அதை நடனம் என்று வாதாடுவார்கள். எனக்கு அது பிடிக்காது, நடனம் தெரிந்தவன் தன் கை எட்டும் தூரத்தையும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு விழா நன்றாக நடத்தப்படுகிறதா என்று அறிய, இதைப் பார்த்ததும் யார் அங்கே போய்ப் பேசுகிறார்கள் என்று கவனித்தால் போதும்.

எதற்குப் போகிறேன் என்று கேட்டீர்கள். கேட்கத்தான் போகிறேன். ஆனால் வாசலில் நின்று கைப்பட்டை கட்டிவிட்டு, தண்ணீர்க் கேன் தூக்கி, யாருடைய சிம்பல் எது என்று அலைந்த பிறகு இருபது நிமிடம் உள்ளே போய் நின்றால் அந்தச் சத்தம் வேறு மாதிரி கேட்கிறது. மேடையில் இருப்பவர், ஒரு மணி நேரம் முன்பு பெட்டி இறக்க என்னோடு கை கொடுத்தவர். நாளை அவருடைய ஊர் விழாவில் அவர் வாசலில் நிற்பார், நான் கையை நீட்டுவேன். செக் நாட்டில் ரோகிசானி ஊரின் சிறிய விமானத்தளத்தில் நடந்துவந்த ஃபிளஃப் ஃபெஸ்ட்டுக்குப் பல நாட்டுக் குழுக்கள் போய் வாசித்தன. அந்த வட்டாரத்தில் பெயர்பெற்ற விழா அது. அதுவும் இப்படித்தான், தங்கள் ஊரில் எதையாவது நடத்துகிறவர்கள் இன்னொரு ஊரில் வந்து கேட்பது. பாதிக் குழுக்கள் கையைவிட்டுப் போனதில் எனக்குக் குறை உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். முழுதாகக் கேட்க வேண்டுமானால் டிக்கெட் வாங்கிப் போகலாம். அப்படியும் போகிறேன்.

இந்தச் சம்பளமில்லா உழைப்பைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் அதே நாலைந்து பேர்தான் எல்லாவற்றையும் தூக்கிச் சுமக்கிறார்கள். அவர்கள் களைத்துப்போன ஆண்டில் விழா நின்றுவிடுகிறது. ஒலிப்பொறியாளருக்குக்கூடச் சம்பளம் தராமல் "நம்ம ஆள்தானே" என்று ஓட்டுகிற விழாக்களுக்கு நான் உதவப் போவதில்லை. தொலைவிலிருந்து வரும் குழுவுக்குப் பயணச் செலவும் ஒலிக்காரருக்குக் கூலியும் முதலில் எடுத்துவைத்துவிட்டு, மிச்சத்தை இரவே எல்லோர் முன்னாலும் எண்ணிப் பிரிக்கிற இடம்தான் சரியான இடம்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். காதடைப்பான் இல்லாமல் அனுப்பாதீர்கள். நான் சொல்கிற முதல் விஷயமும் முக்கியமான விஷயமும் இதுதான். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் சொல்லும் வரம்பு, 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம். மூன்று டெசிபல் கூடக் கூட நேரம் பாதியாகும். 100 டெசிபலில் பதினைந்தே நிமிடம். பார்வையாளர் வெளியே போய்க் காற்று வாங்கலாம், மேடையோரம் வேலை பார்க்கிறவரால் முடியாது. இசைக்காரர்களுக்கென்றே செய்த அடைப்பான்கள் கிடைக்கின்றன, சத்தத்தைக் குறைத்தாலும் பாட்டைக் கலங்கலாக்காதவை. பஞ்சு வேலைக்கு ஆகாது.

அப்புறம், கூப்பிட்டவர்களிடம் அவள் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளட்டும். முதலுதவிக்கு யார் பொறுப்பு, தலையில் அடிபட்டவரை என்ன செய்வார்கள், அவசர வழிக்கு முன்னால் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்களா, தொல்லை கொடுக்கிறவரைப் பற்றி யாரிடம் சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் ஒரே மூச்சில் பதில் வந்தால் நல்ல கைகளில் இருக்கிறாள். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று வந்தால் அவளே யோசிப்பாள்.

முதல் தடவை என்றால் வாசல் வேலையைக் கேட்கச் சொல்லுங்கள், இரண்டு பேராக. எல்லோர் முகமும் பழகும். பணப்பெட்டியை மட்டும் தனியாக ஒப்புக்கொள்ள வேண்டாம். நானும் போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், பெற்றோரைப் பார்த்து அங்கே யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஒலிப்பொறியாளரின் மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். பாட்டு அங்கேதான் தெளிவாகக் கேட்கும், பிட்டும் அதுவரை வராது.