நுகர்வோர் கேள்வி-பதில்: சர்க்கரைக்குக் குடல் பாக்டீரியா கேப்சூலா?

கேள்வி: அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. தெருவில் ஒரு அக்கா ‘அக்கர்மான்சியா’ என்ற நல்ல பாக்டீரியா கேப்சூல் விற்கிறார். 60 கேப்சூல் 3,800 ரூபாய். “ஆயிரம் கோடி உயிருள்ள பாக்டீரியா, மூன்று மாதத்தில் சர்க்கரை மாத்திரையே வேண்டாம்” என்கிறார். ஒரு பாட்டில் வாங்கிவிட்டோம், இன்னும் பிரிக்கவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா? – வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: பணம் இருக்கட்டும், முதலில் மாத்திரை. யார் சொன்னாலும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021-ல் தொடங்கியதே உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீடு தேடி இலவசமாக வரும் மாத்திரையை விட்டுவிட்டு 3,800 ரூபாய்க்கு நம்பிக்கை வாங்குவானேன்?

அக்கர்மான்சியா கட்டுக்கதை இல்லை. குடலின் உட்சுவரில் உள்ள சளிப்படலத்தைத் தின்று வாழும் பாக்டீரியா அது. 2004-ல் நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்கள் அதை விவரித்தார்கள். பருமனானவர்களிடமும் சர்க்கரை உள்ளவர்களிடமும் அது பெரும்பாலும் குறைவாகவே காணப்படுகிறது. அது குறைந்ததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் அது குறைந்ததா என்பது வேறு கேள்வி.

2019-ல் பெல்ஜியத்தில் ஒரு சோதனை வெளியானது. பருமனும் இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலையும் உள்ள 40 பேரைச் சேர்த்தார்கள். 32 பேர் மூன்று மாதத்தை முடித்தார்கள். ஒரு குழுவுக்கு உயிருள்ள பாக்டீரியா, இன்னொன்றுக்குப் பாலைப் பாஸ்டுரைஸ் செய்வதுபோல் சூடாக்கிக் கொன்றது, மூன்றாவதுக்கு மருந்தில்லாத போலி. இன்சுலின் வேலை செய்யும் திறன் கூடியதும், மொத்தக் கொலஸ்ட்ரால் கொஞ்சம் இறங்கியதும் செத்த பாக்டீரியா சாப்பிட்டவர்களிடம்தான்! அக்கா ‘உயிருள்ளது’ என்று சொல்லித்தானே விலை வைக்கிறார். எடையும் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை.

அமெரிக்காவில் சர்க்கரை நோயாளிகள் 76 பேரிடம் இதுவும் வேறு சில பாக்டீரியாக்களும் கலந்த கேப்சூலை 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பிட்ட பிறகு ஏறும் சர்க்கரை ஓரளவு குறைந்தது. ஆனால் சோதனையை நடத்தியது அதை விற்கும் நிறுவனமே. மாத்திரைக்குப் பதிலாகக் கொடுத்துப் பார்த்த சோதனையும் அல்ல அது.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-ல் சூடாக்கிக் கொன்ற அக்கர்மான்சியாவைப் பாதுகாப்பானது என்றது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அதில் சேரவில்லை. பாதுகாப்பானது என்றால் நோயைக் குணப்படுத்தும் என்று பொருள் இல்லை.

இப்போது பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா? வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதி செய்தவரின் முகவரி? ‘மருந்தாகப் பயன்படுத்த அல்ல’ என்ற வாசகம்? அந்த வாசகத்தை அச்சடித்துவிட்டு ‘சர்க்கரை போய்விடும்’ என்று வாயால் சொல்லி விற்பதுதான் இந்த வியாபாரத்தின் சாமர்த்தியம். சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பியதை அழிக்காதீர்கள்.

அக்கா ஒரு நேரடி விற்பனை நிறுவனத்தின் ஆள் என்றால் 2021-ஆம் ஆண்டு விதிகள் உங்கள் பக்கம். வீட்டுக்கு வந்து விற்பவர் அடையாள அட்டை காட்ட வேண்டும், முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். பொருளைத் திருப்பித் தரும் முறையையும் சொல்ல வேண்டும். பாட்டிலைப் பிரிக்காமல், பணம் அனுப்பிய ரசீதுடன் நிறுவனத்துக்கே எழுதிக் கேளுங்கள். மசியவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. தெருவில் முகம் பார்க்க வேண்டுமே என்ற சங்கடம் புரிகிறது. அக்காவே தன் காசைப் போட்டுச் சரக்கு எடுத்திருப்பார், பாவம். அதனால்தான் நிறுவனத்துக்கு எழுதச் சொன்னேன்.

கேள்வி: இதே பாக்டீரியா தயிரிலும் புளித்த கேழ்வரகுக் கூழிலும் இருக்கிறதாமே? – வாசகர், பென்னாகரம்

பதில்: இல்லை. ஆக்சிஜன் அதற்கு ஆகாது. தயிரிலும் கூழிலும் இருப்பவை லாக்டிக் அமிலம் உண்டாக்கும் வேறு வகைகள். கூழை நன்றாகக் குடியுங்கள். சர்க்கரை இருந்தால் அளவு முக்கியம். கேழ்வரகிலும் மாவுச்சத்துதான் அதிகம்.