பந்தியில் ஒரு கேலி

அன்புள்ள ஐயா,

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறோம். மகளுக்கு 11 வயது. ஓராண்டாக உடம்பு சற்றுப் பூசினாற்போல் ஆகியிருக்கிறது. பள்ளியில் ‘தடிச்சி’ என்கிறார்களாம். போன மாதம் பொள்ளாச்சியில் ஒரு விசேஷ வீட்டுப் பந்தியில் என் கணவரின் அக்கா, ‘இவளுக்கு இரண்டு இலையாகப் போடுங்கள்’ என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டைத் தொடுவதில்லை. ‘நீ அழகுதான் கண்ணு’ என்று எவ்வளவோ சொல்லிவிட்டேன். என்ன செய்வது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பந்தியில் அவர் சிரித்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? கடிதத்தில் அது இல்லை. நீங்களும் லேசாகச் சிரித்து வைத்திருப்பீர்கள். குற்றமாகச் சொல்லவில்லை, நானும் அந்தக் கூட்டத்து ஆள்தான். அக்காள் மகளைச் செல்லமாகப் ‘பூசணி’ என்று கூப்பிட்டு வந்தேன். கல்லூரிக்குப் போன பிறகுதான் சொன்னாள்: ‘நீங்கள் வருகிறீர்கள் என்றாலே துப்பட்டாவைத் தேடுவேன் மாமா.’

நம் எல்லைப் பக்கத்தில் நலம் விசாரிப்பதே உடம்பில்தான் தொடங்குகிறது. தமிழில் ‘இளைத்துவிட்டாயே’, மலையாளத்தில் ‘தடி வெச்சல்லோ’ (சதை போட்டுவிட்டதே). 2022இல் கேரளக் கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டியின் படத்துக்குக் கீழேயே ஒருவர் தொப்பையைக் குறைக்கச் சொல்லி எழுதினார். அமைச்சர் சும்மா விடவில்லை, உடல் கேலி தவறு என்பதைப் பாடத்திலேயே சேர்ப்பது பற்றிப் பேசினார். உங்கள் மகளுக்கு அந்த வாய் இல்லை. அவளுக்காக, அவள் காதில் விழும்படி, அந்த இடத்திலேயே நாத்தனாரிடம் நீங்கள் பேச வேண்டும்: ‘நங்கையா, பிள்ளையின் உடம்பைப் பற்றிப் பேச வேண்டாம்.’ மனத்தாங்கல் வரும், வரட்டும். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு தேற்றினால், அம்மாவுக்கும் அங்கே பயம்தான் என்றே குழந்தை நினைத்துக்கொள்ளும்.

‘அழகுதான்’ என்பதை விட்டுவிடுங்கள். பேச்சு மறுபடி உடம்புக்கே போகிறது. யார் சொன்னார்கள், அப்போது எப்படி இருந்தது என்று கேளுங்கள். அவள் பேசி முடிக்கும்வரை குறுக்கே போகாதீர்கள். வகுப்பு ஆசிரியரையும் நேரில் பாருங்கள்.

உயரம் கூடும் முன் சதை பிடிப்பது இந்த வயதுப் பெண் குழந்தைகளிடம் சாதாரணம். எடை அதிகமா என்பதை வயதுக்கேற்ற வளர்ச்சி அட்டவணையைப் பார்த்துக் குழந்தை மருத்துவர் சொல்லட்டும், சொந்தக்காரர்கள் வேண்டாம். எனக்குக் கவலை எடையில் இல்லை, ஒரு மாதமாக நிற்கும் அந்த இரவுச் சாப்பாட்டில். அதற்காக இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள்.

இன்றிரவு எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள். பள்ளிக் கதையோ பக்கத்து வீட்டுக் கதையோ பேசுங்கள். அவள் தட்டை மட்டும் யாரும் பார்க்க வேண்டாம்.