உட்கார்ந்த நாட்களின் கணக்கு

வணக்கம் ஐயா,

எனக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. இரண்டு வருடங்களாக வேலையில் நெருக்கடி அதிகம். எதற்கெடுத்தாலும் கோபம் வருகிறது, இரவில் சரியாகத் தூக்கமில்லை. மருத்துவரிடம் காட்டினேன், உடம்பில் ஒரு குறையும் இல்லை என்றார். நண்பர் ஒருவர் சொன்னதன் பேரில் கைபேசியில் ஒரு செயலியை இறக்கிக்கொண்டு, தினமும் அதிகாலையில் முக்கால் மணி நேரம் தியானத்தில் உட்கார ஆரம்பித்தேன்.

இன்றோடு 23 நாட்கள். முதல் வாரத்தில் ஒருநாள், உடம்பே இல்லாததுபோல அப்படியொரு அமைதி. சரி, பிடித்துவிட்டோம் என்று நினைத்தேன். அதற்கப்புறம் அது வரவே இல்லை. இப்போது கண்ணை மூடினால் முந்தின நாள் அலுவலகத்தில் நடந்த சண்டைதான் ஓடுகிறது. நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்கள் எல்லாம் வரிசையாக வருகின்றன. இல்லாவிட்டால் தூங்கி விழுகிறேன், அல்லது மணி எப்போது அடிக்கும் என்று தவிக்கிறேன். நான்கு நாட்கள் விட்டும் போயிற்று.

நேற்று நான் உட்கார்ந்திருந்தபோது மகள் ஏதோ சத்தம் போட்டாள். எழுந்துபோய்த் திட்டிவிட்டேன். "நீங்க தியானம் பண்றதுக்கு முன்னாடியே பரவாயில்லப்பா" என்றாள்.

நீங்கள் பல வருடங்களாகத் தியானம் செய்வதாக ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். எனக்குத் தியானம் வராதா? எத்தனை நாளில் பலன் தெரியும்? கால் மரத்துப்போகிறது, நாற்காலியில் உட்காரலாமா? (பெயர் வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் சொன்னது சரிதான் என்று நினைக்கிறேன். முன்பு நீங்கள் சாதாரணமாகக் கோபப்பட்டீர்கள். இப்போது வீட்டின் அமைதி முழுவதும் உங்களுக்குப் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டது என்ற நினைப்பும் சேர்ந்துகொண்டது. வருந்த வேண்டாம், நானும் இதைச் செய்திருக்கிறேன். பக்கத்து அறையில் கதவு சாத்தும் சத்தம் கேட்டதற்கு, கண்ணைத் திறக்காமலே பல்லைக் கடித்தவன் நான்.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒன்றைக் கவனித்தேன். 23 நாட்களில் நான்கு விட்டுப்போயின என்கிறீர்கள். அப்படியானால் 19 நாட்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த எண் கடிதத்தில் எங்குமே இல்லை. இந்த வேலையில் நம் கையில் இருப்பது அது ஒன்றுதான். உட்கார்ந்த பிறகு உள்ளே என்ன நடக்க வேண்டும் என்பது நம் உத்தரவுக்குக் கட்டுப்பட்டதில்லை. போய் உட்கார்வது மட்டும் நம்மால் ஆகும். மார்க் போட்டே ஆக வேண்டும் என்றால் அதற்குப் போடுங்கள்.

நான் தொடங்கியபோது உங்களைவிடப் பேராசைக்காரன். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். 21 நாட்களில் வேறு மனிதராகிவிடுவீர்கள் என்று உறுதி சொன்ன ஒரு பயிற்சி வகுப்பு கொடுத்த உற்சாகம் அது. பதினோராம் நாள் உட்காரவில்லை, பன்னிரண்டாம் நாள் வெட்கத்தில் உட்காரவில்லை. அப்புறம் இரண்டு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. திரும்ப ஆரம்பித்தபோது பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டேன். அந்தப் பத்து நிமிடம்தான் நிலைத்தது.

இந்த 21 நாள் சமாச்சாரம் எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு தேடிப் பார்த்தேன். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் வெளியிட்ட நூலில், முகத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தங்கள் புதிய முகத்துக்குப் பழக குறைந்தது 21 நாட்களாவது ஆகிறது என்று, தாம் பார்த்ததை வைத்து எழுதினார். அந்தக் 'குறைந்தது' எப்போதோ உதிர்ந்துபோய், 21 மட்டும் ஊரெல்லாம் சுற்றுகிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் அவருடைய சகாக்களும் 96 பேரை 12 வாரங்கள் கவனித்து ஓர் ஆய்வு செய்தார்கள். தினமும் செய்யும் ஒரு சின்னக் காரியம், யோசிக்காமலே செய்கிற பழக்கமாக எத்தனை நாள் ஆகிறது என்பதுதான் கேள்வி. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கு வந்தது. நடுவாந்தரமாகச் சொன்னால் 66. அதே ஆய்வில் உங்களுக்கு வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. இடையில் ஒருநாள் விட்டுப்போவதால் பழக்கம் கெட்டுப்போவதில்லை. விட்ட நாளை நினைத்து மறுநாளும் விடுவதுதான் ஆபத்து. ஆனால் ஒன்று, அந்த 66 உட்காரும் பழக்கம் வருவதற்கான கணக்கு. மன அமைதிக்கு அப்படி ஒரு தேதி கிடையாது.

பதஞ்சலியின் யோக சூத்திரத்திலும் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. நீண்ட காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்யப்படும்போதுதான் பயிற்சி வேர்பிடிக்கும் என்கிறார். நீண்ட காலம் என்றால் எவ்வளவு என்று சொல்லவில்லை. கெட்டிக்காரர்.

சரி, அந்த ஒருநாள் அமைதிக்கு வருகிறேன். அது உங்களுக்கு முதல் வாரத்திலேயே வந்ததை நல்லகாலம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து நீங்கள் தியானத்துக்காக உட்காரவில்லை, அதைத் தேடி உட்கார்கிறீர்கள். கண்ணை மூடியதும் 'வந்துவிட்டதா, இல்லையே, இதோ வருகிறதோ' என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பது. தூக்கம் வராமல் புரள்கிறவர் நீங்கள், உங்களுக்கே தெரிந்திருக்கும். இப்போது தூங்கியே ஆக வேண்டும் என்று நினைக்க நினைக்க, இருக்கிற தூக்கமும் போய்விடுகிறதல்லவா? இதுவும் அந்த ஜாதிதான். எனக்கும் அப்படிச் சில நாட்கள் வந்திருக்கின்றன. ஏன் வந்தன, ஏன் போயின என்று என்னால் சொல்ல முடியாது. வந்தால் வரட்டும், விருந்தாளி கிளம்பும்போது கையைப் பிடித்து இழுக்க வேண்டாம்.

மனம் அலைபாய்வதைப் பற்றி. முதலில் ஒரு தகவல். மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் என்ற இரண்டு ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2,250 பேரின் கைபேசிக்கு நாளின் வெவ்வேறு நேரங்களில் செய்தி அனுப்பி, இந்த நிமிடம் என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா என்று கேட்டார்கள். 2010இல் முடிவு வெளியானது. 46.9 சதவீத நேரம், மனம் செய்யும் வேலையில் இல்லை. கிட்டத்தட்ட பாதி வாழ்க்கை. இவர்கள் கண்ணை மூடி உட்கார்ந்தவர்கள் இல்லை, அன்றாட வேலையில் இருந்தவர்கள். ஆகவே தியானம் உங்கள் மனதை அலைய வைக்கவில்லை. அது எப்போதும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் இப்போதுதான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறீர்கள்.

தாயுமானவர் ஒரு பாட்டில் பெரிய பட்டியல் போடுகிறார். மதயானையை வசப்படுத்தலாம், கரடி புலி வாயைக் கட்டலாம், சிங்கத்தின் முதுகில் ஏறலாம், பாம்பை எடுத்து ஆட்டலாம், தண்ணீர்மேல் நடக்கலாம், ஆனால் சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பது அரிது என்று முடிகிறது. அவருக்கே அரிதாக இருந்தது உங்களுக்கு 23 நாளில் கைகூடவில்லை என்றால், அதற்கு 'எனக்கு வராது' என்று பொருளில்லை.

அப்படியானால் உட்கார்ந்து என்னதான் செய்வது? மூச்சைக் கவனிக்கிறீர்கள். மனம் நழுவி அலுவலகத்துக்குப் போய்விடுகிறது. மூன்று நிமிடம் அங்கே சண்டை போட்டுவிட்டு, திடீரென்று 'அடடா, எங்கேயோ போய்விட்டேனே' என்று தெரிகிறது. அந்த ஒரு நொடியைத்தான் நீங்கள் தோல்வி என்று எழுதிக்கொள்கிறீர்கள். என் அனுபவத்தில் அந்தப் பத்து நிமிடத்தில் நாம் முழுசாக விழித்திருக்கும் நொடியே அதுதான். நழுவியது தெரிகிறது, திரும்புகிறோம். மறுபடி நழுவுகிறது, மறுபடி திரும்புகிறோம். ஒரு தடவைகூட நழுவாத நாள் என்று ஒன்று எனக்கு இன்றுவரை வாய்த்ததில்லை. திரும்பும்போது உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். திட்டுவதும் ஓர் எண்ணம்தான், அதன் பின்னாலும் கொஞ்ச தூரம் போய்விடுவோம்.

5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பௌத்த உரையாசிரியர் புத்தகோசர் இதற்கு ஒரு கன்றைக் காட்டுகிறார். அடங்காத கன்றைத் தறியில் கட்டினால் அங்கும் இங்கும் இழுத்துப் பார்க்கும். அறுத்துக்கொண்டு ஓட முடியாது என்று ஆனபின், அந்தத் தறியின் அடியிலேயே படுத்துவிடும். கட்டுகிற வேலை நம்முடையது, படுக்கிற நேரம் கன்றினுடையது. மூச்சை எண்ணச் சொல்பவரும் அவர்தான். ஐந்துக்குக் குறையாமல், பத்துக்கு மேற்படாமல் எண்ண வேண்டும். ஐந்துக்குள் நிறுத்தினால் மனதுக்கு இடம் நெருக்கடியாகிவிடுமாம், பத்தைத் தாண்டினால் மூச்சை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளுமாம். நான் பத்து வரை எண்ணுகிறேன். பல நாள் ஏழில் தொலைந்துபோய் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

பௌத்தத்தில் தியானத்துக்கு ஐந்து தடைகள் என்று ஒரு கணக்கு உண்டு. ஆசை, பகை, சோம்பலும் தூக்கமும், பரபரப்பு, சந்தேகம். உங்கள் கடிதத்தில் ஐந்தும் இருக்கின்றன. அந்த அமைதி மறுபடி வேண்டும் என்பது ஆசை. அலுவலகச் சண்டை பகை. தூங்கி விழுவது மூன்றாவது. மணி எப்போது அடிக்கும் என்ற தவிப்பு நான்காவது. 'எனக்குத் தியானம் வராதா' ஐந்தாவது. ஆயிரக்கணக்கான வருடங்களாக உட்கார்ந்தவர்கள் எல்லோரும் முட்டிக்கொண்ட அதே இடங்களில்தான் நீங்களும் முட்டியிருக்கிறீர்கள். சரியான பாதையில்தான் போகிறீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

தூக்கத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. இரவில் தூக்கமில்லை என்கிறீர்கள், உட்கார்ந்தால் தூங்கி விழுகிறேன் என்கிறீர்கள். உடம்பு பழைய பாக்கியை வசூலிக்கிறது, அவ்வளவுதான். இருக்கிற தூக்கத்தையும் வெட்டிவிட்டு அதிகாலையில் எழ வேண்டாம். எழுந்து பல் துலக்கி முகம் கழுவியபின் உட்காருங்கள், அது எந்த மணியானாலும் சரி. அப்படியும் தலை தொங்கினால் கண்ணைப் பாதி திறந்து தரையைப் பாருங்கள், அல்லது எழுந்து நின்றுகொள்ளுங்கள். நின்றுகொண்டும் மூச்சைக் கவனிக்கலாம்.

முக்கால் மணி நேரத்தைப் பத்து நிமிடமாக்குங்கள். நன்றாக இருக்கிறதே என்று ஒருநாள் நீட்டவும் வேண்டாம், பிடிக்கவில்லை என்று ஒருநாள் சுருக்கவும் வேண்டாம். மணி அடித்தால் எழுந்துவிடுங்கள். விட்டுப்போன நாளுக்கு மறுநாள் இருபது நிமிடம் உட்கார்ந்து ஈடுகட்டுவதும் வேண்டாம், அது சீக்கிரமே தண்டனையாகிவிடும்.

பலன் என்று கேட்டீர்கள். மிகைப்படுத்தாமல் சொல்லப் பார்க்கிறேன். 2014இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு, 3,515 பேர் பங்கேற்ற 47 சோதனைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் ஓரளவு முன்னேற்றம் இருந்தது. தூக்கத்துக்கும் கவனத்துக்கும் பலன் உண்டு என்று சொல்லப் போதுமான ஆதாரம் கிடைக்கவில்லை. மருந்தையோ உடற்பயிற்சியையோ விடத் தியானம் மேலானது என்பதற்கும் ஆதாரம் இல்லை. ஆகவே தூக்கத்துக்காக மட்டும் உட்கார்கிறீர்கள் என்றால் அதை மறுபடி மருத்துவரிடமே பேசுங்கள். உட்கார உட்காரப் பதற்றம் கூடுகிறது, பழைய நினைவுகள் தாங்க முடியாமல் கிளம்புகின்றன என்றால், பல்லைக் கடித்துத் தொடராதீர்கள். நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். சிலருக்கு அப்படி நேர்வதுண்டு.

என் விஷயத்தில் நடந்தது மிகச் சின்னது. கோபம் போகவில்லை. முன்பெல்லாம் கத்தி முடித்து, சாயங்காலம் தனியாக இருக்கும்போதுதான் 'இவ்வளவு கத்தியிருக்க வேண்டாமே' என்று தோன்றும். சில மாதங்களுக்குப் பிறகு கத்தி முடித்த உடனேயே தோன்றியது. இப்போது சில சமயம், எப்போதும் இல்லை, பாதி வாக்கியத்தில் தோன்றுகிறது. மீதி வாக்கியத்தை விழுங்கிவிட முடிகிறது. பத்து நிமிடத்தில் நூறு முறை நழுவி நூறு முறை திரும்பிய பழக்கம்தான் அங்கே வந்து நிற்கிறது என்று நான் நினைத்துக்கொள்கிறேன். இதை முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை, வீட்டில் இருப்பவர்கள்தான்.

நாற்காலி தாராளமாகச் சரி. கால் மரத்துப்போவது நரம்பு அழுந்துவதால் வருவது, அதில் தவம் ஒன்றும் இல்லை. இரண்டு பாதமும் தரையில் படட்டும், முதுகு சாயாமல் நிமிர்ந்திருந்தால் போதும். கதவைச் சாத்த வேண்டாம். மகள் சத்தம் போட்டால் அதுவும் கேட்கட்டும், கேட்டபின் மூச்சுக்குத் திரும்புங்கள்.

மூன்று மாதம் கழித்து எழுதுங்கள். உள்ளே என்ன தெரிந்தது, ஒளி வந்ததா, அமைதி வந்ததா என்றெல்லாம் எழுத வேண்டாம். எத்தனை நாள் உட்கார்ந்தீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். கூடவே, மகள் என்ன சொன்னாள் என்பதையும்.