பசை, தின்னர், ஒயிட்னர்: கேரள-தமிழ்நாடு எல்லையோர வாசகர்களின் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். அவனுடைய பள்ளிப் பையின் அடியில், சைக்கிள் பஞ்சர் ஒட்டப் பயன்படுத்தும் சொல்யூஷன் டியூபுகள் நான்கைந்து பிதுக்கிக் காலியான நிலையில் கிடந்தன. கூடவே, காய்ந்து விறைத்துப்போன ஒரு கைக்குட்டையும் இருந்தது. எங்கள் வீட்டில் சைக்கிளே இல்லை. பொள்ளாச்சிச் சந்தைக்கு லோடு ஏற்றப் போகிற அவன் அப்பாவுக்குத் தெரிந்தால் அடித்தே நொறுக்கிவிடுவார். என் அண்ணனோ, "கஞ்சாவா, சாராயமா? வெறும் பசைதானே, வயசு ஏறினால் தானாக விட்டுவிடுவான்" என்கிறார். இதனால் உண்மையில் என்ன கேடு வரும்? — ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை.

பதில்: அம்மா, உங்கள் அண்ணன் பேச்சைக் கேட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். கஞ்சாவையும் சாராயத்தையும் முதல் முறை தொட்ட அன்றே உயிர் போவது அரிது. பசை, தின்னர், ஒயிட்னர், பெட்ரோல், லைட்டர் வாயு ஆகியவற்றை முகர்பவர்களுக்கு அது முதல் நாளே நேரலாம். இப்பொருட்களில் டொலுயீன், ஹெக்சேன், பியூட்டேன் போன்ற, எளிதில் ஆவியாகும் வேதிப்பொருட்கள் உள்ளன. அவை கொழுப்பில் கரையும் தன்மை கொண்டவை என்பதால், நுரையீரலிலிருந்து இரத்தத்துக்குள் நுழைந்த சில நொடிகளிலேயே, கொழுப்பு மிகுந்த உறுப்பாகிய மூளையில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. கிறுகிறுப்பும் மிதப்பும் சில நிமிடங்களில் தணிந்துவிடுவதால், பையன்கள் அடுத்தடுத்து முகர்ந்துகொண்டே இருக்கிறார்கள். ஒரே அமர்வில் உடலில் சேரும் நஞ்சின் அளவு அப்படித்தான் ஏறிப்போகிறது.

இந்த ஆவிகள் இதயத் தசையை அட்ரினலினுக்கு மிதமிஞ்சி எதிர்வினை காட்டும்படி செய்துவிடுகின்றன. அந்த நிலையில் இருக்கும் பையன் திடீரென்று பயந்தாலோ, தலைதெறிக்க ஓடினாலோ, அடி வாங்கினாலோ உடலில் அட்ரினலின் பெருகும். இதயத் துடிப்பு தாறுமாறாகி, இரத்தத்தை வெளியே தள்ளவே முடியாமல் இதயம் வெறுமனே நடுங்கத் தொடங்கும். சில நிமிடங்களில் மரணம் நேரலாம். அமெரிக்காவில் இவ்வாறு நேர்ந்த 110 இளைஞர் மரணங்களை மில்லார்ட் பாஸ் என்ற மருத்துவர் 1970-ஆம் ஆண்டிலேயே தொகுத்து எழுதினார். அவற்றில் பல, முகர்ந்த கையோடு ஓடியது போன்ற உடல் உழைப்புக்குப் பின் நேர்ந்தவை. உங்கள் கணவரிடம் சொல்ல வேண்டாம் என்று நான் கூறவில்லை, சொல்லியே ஆக வேண்டும். ஆனால் மகன் போதையில் இருக்கும் வேளையில் அவன்மேல் கை ஓங்கினால், அந்த அடியே அவன் உயிருக்கு உலை வைக்கக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளையை அடித்துத் திருத்தியதாகப் பெருமை பேசும் பெற்றோர் நம் பக்கத்தில் நிறைய உண்டு. இந்த விஷயத்தில் அந்தப் பெருமைக்கு இடமில்லை.

மாதக்கணக்கில் தொடரும்போது வரும் கேடுகள் வேறு. டொலுயீன், மூளையின் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறையைச் சிதைக்கிறது. அதனால் கை நடுங்கும், நடை தள்ளாடும், நேற்று படித்த பாடம் இன்று நினைவில் நிற்காது, சிலருக்குக் காதும் மந்தமாகும். அதே டொலுயீன் சிறுநீரகத்தின் அமில வெளியேற்றத்தைக் குலைத்து, இரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைத்துவிடுவதால், காலையில் எழுந்தால் கால்களைத் தூக்கவே முடியாத நிலையில் இளைஞர்கள் மருத்துவமனைக்கு வருவது உண்டு. உண்மைக் காரணத்தைச் சொல்லாவிட்டால் வாதம் என்று எண்ணிப் பத்தியமும் எண்ணெய்த் தேய்ப்பும் நடந்துகொண்டிருக்கும். பசைகளில் உள்ள ஹெக்சேன் கை கால் நரம்புகளைத் தாக்கி மரத்துப்போகச் செய்யும். முகர்வதை நிறுத்திய பிறகும் சில வாரங்களுக்கு இந்தப் பலவீனம் கூடிக்கொண்டே போகலாம் என்பதால், நிறுத்தியதுதான் தப்பு என்று குழம்பிவிடக் கூடாது. நரம்புகள் மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தேறும். மூளையில் விழுந்த சேதம் முழுமையாகத் திரும்பும் என்று மட்டும் உறுதி கூற முடியாது. பெட்ரோலில் உள்ள பென்சீன் எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து இரத்தப் புற்றுநோய்க்கும் வழி வகுக்கக்கூடியது.

நீங்கள் செய்ய வேண்டியது: அவன் தெளிவாக இருக்கும் நேரத்தில், சாப்பாட்டுக்குப் பின் வைத்துக்கொள்ளலாம், டியூபுகளை எடுத்துக் காட்டி, "இது எதற்கென்று எனக்குத் தெரியும், உன் உயிருக்குப் பயப்படுகிறேன்" என்று நேராகச் சொல்லிவிட்டு, அவன் பேசும்வரை காத்திருங்கள். யாருடன், எந்த இடத்தில், எவ்வளவு காலமாக என்பவை தெரிய வேண்டும். இந்தப் பழக்கத்துக்கென்று தனி மாத்திரை எதுவும் இல்லை. ஆலோசனை, குடும்பத்தின் துணை, பள்ளியில் பிடிப்பு ஆகியவையே சிகிச்சை. மனச்சோர்வு முதலியவை பின்னால் இருந்தால் அவற்றுக்கு மருந்து உண்டு. கேரள கலால் துறையின் போதை மீட்புத் திட்டமான விமுக்தியை 14405 என்ற எண்ணிலும், தமிழிலும் பேசக்கூடிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணிலும் அழைக்கலாம். வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று பாலக்காட்டை விட்டுக் கோயம்புத்தூருக்குப் போவதும் சரிதான், எங்கே போனாலும் போனால் போதும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் தமிழ்ப் பிரிவு மாணவர்கள் இருவர் மதில் ஓரத்தில் பெயின்ட் நாற்றத்துடன் மயங்கிய நிலையில் இருந்ததைக் கண்டோம். உடனே என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் எலுமிச்சைச் சாறு கொண்டுவர ஓடினார். சிறுநீர்ப் பரிசோதனை செய்தால் கண்டுபிடித்துவிடலாமா? — ஓர் ஆசிரியை, மீனாட்சிபுரம்.

பதில்: எலுமிச்சைச் சாறும் மோரும் காப்பியும் வேண்டாம். அரை மயக்கத்தில் இருப்பவருக்கு வாயில் எதை ஊற்றினாலும் அது மூச்சுக்குழலுக்குள் போய்விடக்கூடும். துணியையும் டப்பாவையும் அப்புறப்படுத்தி, காற்றோட்டமான இடத்துக்கு மெதுவாகக் கொண்டுவந்து, உட்கார வைத்து, கூட்டத்தைக் கலைத்துவிடுங்கள். அதட்டவும் துரத்தவும் வேண்டாம். ஓடிப்போகும் பையனை விரட்டிப் பிடிக்காமல், அவனுக்குப் பிடித்த ஆசிரியர் ஒருவரைப் பேச விடுவது நல்லது. அருகில் தீக்குச்சி கிழிக்கக் கூடாது, இந்த ஆவிகள் பற்றிக்கொள்ளும். நினைவில்லாமல், ஆனால் மூச்சு இருந்தால், பக்கவாட்டில் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்; அந்த எண் எல்லையின் இரு பக்கமும் ஒன்றுதான். மூச்சே இல்லையென்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்தும் முதலுதவியை நிறுத்தாமல் செய்ய வேண்டும். எந்தப் பொருளை முகர்ந்தார்கள் என்று தெரிந்தால், அந்த டப்பாவையே கூட அனுப்பிவையுங்கள். மருத்துவருக்கு அது பெரிய உதவி.

வழக்கமான போதைப் பரிசோதனைப் பட்டையில் இவை அகப்படுவதில்லை. ஆகவே "டெஸ்டில் ஒன்றும் இல்லை" என்ற சீட்டைக் கண்டு நிம்மதி அடையாதீர்கள். மூக்கையும் வாயையும் சுற்றி வரும் தடிப்பு, விரலிலும் சட்டைக் கையிலும் பெயின்ட் அல்லது ஒயிட்னர் கறை, குழறும் பேச்சு, பசியின்மை, மதிய இடைவேளைக்குப் பிறகு மட்டும் தூங்கி வழிவது ஆகியவை அதைவிட நம்பத்தக்க அடையாளங்கள். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான நாடளாவிய கணக்கெடுப்பில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிக விகிதத்தில் காணப்பட்ட ஒரே போதை இதுதான்: பெரியவர்களில் 0.58 விழுக்காடு, சிறுவர்களில் 1.17 விழுக்காடு. பள்ளியை விட்டு நீக்குவதால் அந்த மாணவர்கள் பகல் முழுவதும் கண்காணிப்பில்லாமல் போய்விடுவார்கள் என்பதே என் கருத்து. கைவிடப்பட்ட நிலையில் உள்ள பிள்ளை என்றால் சிறார் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லுங்கள்.

கேள்வி: வேலந்தாவளத்தில் சிறிய ஹார்டுவேர், ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறேன். சில பையன்கள் அடிக்கடி சொல்யூஷனும் தின்னரும் கேட்கிறார்கள். விற்பது குற்றமா? — ஒரு வியாபாரி.

பதில்: பசையும் தின்னரும் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இல்லை, பஞ்சர் கடைக்காரருக்கும் பெயின்டருக்கும் அவை அன்றாடத் தேவை. ஆனால் பாட்டிலில் வரும் ஒயிட்னர், அதற்கான தின்னர் ஆகியவற்றின் சில்லறை விற்பனைக்கு மத்திய சுகாதார அமைச்சகம் 2012-இல் தடை விதித்தது. பேனா வடிவில் வருபவற்றுக்கு மட்டும் அனுமதி உண்டு. உங்கள் அலமாரியில் பழைய பாட்டில் கிடந்தால் அதை விற்க வேண்டாம். சிறாருக்குப் போதைப்பொருள் கொடுப்பவர்களுக்கு 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு 7 ஆண்டுகள் வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடம் தருகிறது. பசை அதில் அடங்குமா என்பதை வழக்கறிஞர்கள் வாதாடிக்கொள்ளட்டும். பள்ளிச் சீருடையில் வந்து ஒரே நேரத்தில் ஐந்து டியூப் கேட்பவன் பஞ்சர் ஒட்டப் போவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். இவற்றைக் கை எட்டாத உள் அலமாரியில் வைத்து, பெரியவர்கள் வந்து கேட்டால் மட்டும் கொடுங்கள். எதிர்க்கடைக்காரரிடமும், சோதனைச்சாவடிக்கு அப்பால் தமிழ்நாட்டுப் பக்கம் கடை வைத்திருப்பவர்களிடமும் பேசி வையுங்கள். இங்கே இல்லையென்றால் பையன்கள் அங்கே போவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

கேள்வி: நான் ஸ்பிரே பெயின்டர். மாலையில் தலை கனத்து, தள்ளாட்டமாக இருக்கிறது. நானும் அடிமையாகிவிட்டேனா? — வண்ணாமடை வாசகர்.

பதில்: அடிமை இல்லை, ஆனால் அதே நஞ்சுதான். கதவு ஜன்னல்களைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். துணியை மூக்கில் கட்டிக்கொள்வதால் ஆவி தடைபடாது; ஆவியை உறிஞ்சும் கரி வடிகட்டி பொருத்திய முகக்கவசம் வேண்டும். விரல் நுனி மரத்தாலோ, படி ஏறும்போது கால் துவண்டாலோ தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரைப் பார்த்து, செய்யும் தொழிலை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.