கடல் நுண்பாசியின் ஒரு நாளும் அதைத் தொற்றும் வைரஸும்: கேள்வி பதில்

கேள்வி: ஒற்றைச் செல் பாசிக்கும் தினசரி வளர்ச்சிச் சுழற்சி உண்டா?

பதில்: உண்டு. 1988இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட புரோகுளோரோகாக்கஸ் என்னும் ஒற்றைச் செல் கடலுயிரியைப் பாருங்கள். பகலில் ஒளிச்சேர்க்கையால் கரிமத்தைச் சேர்த்துப் பருக்கும் இந்தச் செல், மாலை நெருங்கும்போது தன் டிஎன்ஏவைப் படியெடுத்து, இருட்டிய பின் இரண்டாகப் பிரிகிறது. வகைப்பாட்டில் இது பாக்டீரியா என்றாலும், நீலப்பச்சைப் பாசி என்னும் பழைய வழக்கையொட்டி இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

கேள்வி: வைரஸ் புகுந்ததும் இந்தச் சுழற்சி உடனே நின்றுவிடுமா?

பதில்: பாதி நிற்கும், பாதி ஓடும். இந்தத் துறையில் என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான். செல் பிரிதல் நின்றுவிடுகிறது. பாசியின் டிஎன்ஏ சிதைக்கப்பட்டு, அதன் துணுக்குகள் வைரஸின் டிஎன்ஏவுக்கு மூலப்பொருளாகின்றன. ஆனால் அந்த உற்பத்திக்கு வேண்டிய ஆற்றல் வெயிலிலிருந்தே வரவேண்டியிருப்பதால், ஒளியை ஈர்க்கும் வேலை மட்டும் தொடர வேண்டும். ஒளிச்சேர்க்கையின் மையத்திலுள்ள டி1 என்னும் புரதம் வெளிச்சத்தால் இடைவிடாது பழுதாகி, இடைவிடாது புதிதாக்கப்படுவது. பாசியின் சொந்த மரபணுக்கள் முடக்கப்பட்ட பிறகு அதைச் செய்து தர ஆளில்லை. நீலப்பச்சைப் பாசிகளைத் தாக்கும் பல வைரஸ்கள் இதற்கான மரபணுவைத் தாங்களே சுமந்து வருகின்றன. ஈர்த்த ஆற்றல் பாசியின் வளர்ச்சிக்குப் போகாதபடி, கரிமத்தை நிலைப்படுத்தும் கால்வின் சுழற்சியைத் தடுக்கும் புரதத்துக்கான மரபணுவும் அவற்றுள் பலவற்றில் உண்டு. ஆகவே பகலில் ஒளியை ஈர்ப்பது தொடர்ந்து நடக்கிறது, ஆனால் அதன் விளைச்சல் பாசியின் உடலுக்குச் சேராமல் வைரஸின் கணக்கில் சேர்கிறது.

கேள்வி: அப்படியானால் இரவில் தொற்று நடப்பதில்லையா?

பதில்: எல்லா வைரஸும் ஒன்றுபோல் இல்லை. சில இருளில் செல்லின் மேல் ஒட்டுவதே குறைவு. சில ஒட்டினாலும் விடியும்வரை பெருகுவதில்லை. சில இருளிலும் பெருகிவிடுகின்றன. ஹவாய்க்கு வடக்கேயுள்ள அலோஹா ஆய்வு நிலையத்தில் இரவும் பகலும் விடாமல் எடுத்த நீர் மாதிரிகளில், பல வைரஸ்களின் மரபணுச் செயல்பாடு பிற்பகலிலும் அந்தியிலும் உச்சம் தொட்டது.

கேள்வி: பாசிகள் நாள்தோறும் பிரிகின்றன என்றால் கடலில் எண்ணிக்கை ஏன் இரட்டிப்பாகவில்லை?

பதில்: இரவில் பிறப்பவற்றுக்கு ஏறக்குறைய ஈடாக, மேயும் நுண்ணுயிரிகளும் வைரஸ்களும் தினமும் அழித்துவிடுகின்றன. எண்ணிக்கை அசையவில்லை என்பதை வைத்து வளர்ச்சி இல்லை என்று முடிவுகட்டுவது, நான் அடிக்கடி காணும் பிழை. டிஎன்ஏ படியெடுத்துக்கொண்டிருக்கும் செல்களின் விகிதத்தை நாள் முழுவதும் சில மணிக்கொருமுறை அளந்தால்தான் உண்மையான பிரிதல் வேகம் தெரியும்.

கேள்வி: உட்கரு உள்ள உண்மையான பாசிகளில் வைரஸ் என்ன செய்கிறது?

பதில்: எமிலியானியா ஹக்ஸ்லியை எடுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புத் தகடுகளைப் போர்த்திய இது, செயற்கைக்கோளில் தெரியும் அளவுக்குக் கடலைப் பால்நிறமாக்கும். இதைத் தாக்கும் வைரஸ் தனக்கேயுரிய கொழுப்பு மூலக்கூறுகளை உண்டாக்கி, செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் தற்சாவு வழியைத் தூண்டுகிறது. இவ்வாறே கடலில் பரந்து பெருகும் பெரும் பாசிக் கூட்டங்களும் சரிகின்றன. இப்பாசியின் ஒற்றைக் குரோமோசோம் தொகுதி கொண்ட வாழ்க்கைநிலையை மட்டும் அவ்வைரஸால் அழிக்க முடிவதில்லை.